இருபத்தெட்டில் நின்றது

"குமிழி வர்றது நின்னுபோச்சுல்ல, அப்போ முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னைக்கே பாட்டில்ல ஊத்தி மூடிடு மங்கை" என்று வெலிங்டனுக்கு வேலையாகப் போயிருந்த கணவன் திருநாவுக்கரசு கைப்பேசியில் சொன்னபோது மணி ஒன்பதே முக்கால். மங்கையர்க்கரசி மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கராஜுக்குள் நின்றாள். நியூசிலாந்துக்கு ஜூலைதான் குளிர்காலம், அந்த டனீடின் குளிர் சிமெண்ட் தரையிலிருந்து செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது. மூலையில், மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளியில், அவன் காய்ச்சிய பியர் இருபத்துமூன்று லிட்டர் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியை அவன் பிடித்துக்கொண்டு, வீடெல்லாம் கருப்பட்டி வாசனை அடிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடியது. அடுத்த வாரச் சனிக்கிழமை அவன் அலுவலகத்திலிருந்து எட்டுப் பேர் அதைக் குடிக்க வருகிறார்கள். பாட்டிலில் பத்து நாளாவது கிடந்தால்தான் நுரை கட்டும், அவன் திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகிவிடும், ஆகவே இன்று, ஆகவே அவள். "கஷ்டமே இல்லம்மா, சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன் பாரு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. பாட்டிலுக்கு ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை, மேல பியர், மூடி." அவள் கேட்டாள்: "அளந்து பாத்தீங்களா?" "எதை?" "சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு." "அதான் குமிழியே நின்னுடுச்சேம்மா. நீ ஒண்ணும் போட்டுக் குழப்பிக்காத. எனக்கு மீட்டிங் இருக்கு, மதியம் பேசறேன்."

குழப்பிக்காத. கைப்பேசியைக் கோட்டுப் பையில் போட்ட பிறகும் அந்த ஒரு சொல் காதுக்குள் பருக்கைக்கல் மாதிரி கடிபட்டுக்கொண்டிருந்தது. அவன் கடுமையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னான், அவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் பாங்கில் கையெழுத்துப் போடும்போதும் அதே பிரியத்தோடு அதே சொல்லைத்தான் சொல்வான். போன வருஷம் அலுவலக நண்பர் க்ரேக் இந்த வாளியையும் குழாய்களையும் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து அவனுக்கு இதே நினைப்பு. புத்தகம் வாங்கினான், நோட்டுப் போட்டான், ஒரு நாள் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஈஸ்ட்டுங்கறது ஒரு உயிர், மங்கை. நிறையப் பேருக்கு அது தெரியாது. ஏதோ பவுடர்னு நினைச்சுக்கிறாங்க" என்றான். அவள் வெங்காயத்தை அரிந்துகொண்டே இருந்தாள். கண் எரிந்தது வெங்காயத்தால்தான், அதில் சந்தேகமில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே சொல்லியிருந்தாளே. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவன் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது, அப்பா பெருமையாக, "எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு இப்போ பிஎச்.டி. பண்ணுதா" என்றார். அவன் நிமிர்ந்து, "எதுல?" என்று அவளையே கேட்டான். "ஈஸ்ட்" என்றாள். "அப்போ கேக் நல்லா செய்வீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது கராஜில் நின்றபடி மறுபடி முகத்தில் வரவழைத்துப் பார்த்தாள், கன்னம் குளிரில் இறுகிப்போயிருந்தது. அவன் மறந்துபோனானா, இல்லை அன்றைக்கே மனசில் ஏற்றிக்கொள்ளவில்லையா? மறந்துபோனான் என்றால் பரவாயில்லை, மறப்பதற்காகவாவது ஒரு காலத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் அவன் எழுதி ஒட்டிய தாளுக்குக் கீழே வெப்பமானி பதினொன்று காட்டியது. காய்ச்சிய வாரம் இந்த ஊருக்குக் குளிரே இல்லை, பதினெட்டில் நின்றது. அதற்கப்புறம் தென்துருவத்துப் பக்கமிருந்து காற்றுத் திரும்பி மூன்று இரவு புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிப் போனது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வாளியைத் தொடாமலே. இருந்தாலும் அளக்காமல் சொல்லக் கூடாது. அளக்காமல் சொல்வது வாயா வேற எதாவதா என்று அவளுடைய பேராசிரியர் கேட்பார், அவர் கேட்ட வார்த்தையை எழுத முடியாது. அவள் கையுறையைக் கழற்றினாள். வாளியின் அடிக்குழாயைத் திறந்து நீளமான கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பிடித்து, அதற்குள் ஹைட்ரோமீட்டரை இறக்கி, விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டாள். கண்ணாடி மிதவைதான் அது. சர்க்கரை இருக்கும்வரை தூக்கிக்கொண்டு நிற்கும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன உள்ளே அமிழும். அவன் நோட்டில் தொடக்கம் ஆயிரத்து ஐம்பத்திரண்டு என்று குறித்திருந்தான். ஆயிரத்துப் பன்னிரண்டில் வந்து முடிய வேண்டும். மிதவை ஆடி அடங்கி ஆயிரத்து இருபத்தெட்டில் நின்றது. குனிந்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பில் ஏறும் வளைவைக் கழித்து, மறுபடி பார்த்தாள். இருபத்தெட்டு. முதுகு எப்படிக் குனிய வேண்டும் என்பது முதுகுக்கே நினைவிருந்தது, அதுதான் அவளை என்னவோ செய்தது. குழலில் இருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கசப்புக்கு முந்திக்கொண்டு தித்திப்பு வந்தது, பிசுபிசுவென்று. இது பியர் இல்லை. முடியவில்லை, நின்றிருக்கிறது. இதை இப்படியே பாட்டிலில் ஊற்றி, மேலே அவன் சொன்ன ஸ்பூன் சர்க்கரையும் போட்டு இறுக்கி மூடினால், என்றைக்காவது வெயில் வந்து கராஜ் சூடாகும், உள்ளே தூங்குவது விழித்துக்கொண்டு மிச்சத்தைத் தின்னத் தொடங்கும், காற்று போக வழியிருக்காது, கண்ணாடி தாங்காது.

சரி, அவர் சொன்னபடியே செய்துவிடுவோம். இந்த எண்ணம் வந்தபோது அதை யாரோ பின்னாலிருந்து சொன்னது போலத்தான் இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாற்பத்தைந்து பாட்டில், நாற்பத்தைந்து ஸ்பூன், ஒரு சொட்டுச் சிந்தாமல், சுத்தபத்தமாக. அலமாரியில் வரிசையாக அடுக்கிவைத்து அவனுக்குப் போட்டோ அனுப்பினால் கட்டைவிரல் அனுப்புவான். அப்புறம் ஒரு மத்தியானம் முதல் பாட்டில் வெடிக்கும், அது பக்கத்துப் பாட்டிலை உடைக்கும், அவள் அடுப்படியில் நின்றபடி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பாள், அவன் ஓடிவந்து என்னாச்சு என்று கேட்பான், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்பாள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள், அப்பாவியாக, தணிவாக, வருத்தமாக. எவ்வளவு சுகமாக இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்ததால்தான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள், அதற்கு நேர் கீழே நிறைமதியின் சிவப்பு சைக்கிள் நின்றது. எட்டு வயசுப் பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் இங்கேதான் ஓடிவருவாள், குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். செய்யவில்லை, நினைத்தாள், ஆனால் நினைத்தபோது அந்த வீட்டில் குழந்தையே இல்லாத மாதிரி நினைத்திருக்கிறாளே. சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் வெளியே சுவரோரமாக நிறுத்தினாள், ஒரு பாட்டில்கூட நிரப்பாத அலமாரிக்குப் பயந்து.

வாளியைத் தூக்க முடியாது. பழைய போர்வையைத் தரையில் விரித்து, வாளியை அசைத்து அசைத்து அதன்மேல் ஏற்றி, போர்வையின் இரண்டு மூலையையும் பிடித்து, பின்பக்கமாக நடந்து இழுத்தாள். கராஜிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி. அந்த ஒரு படிக்கு அவளுக்குப் பத்து நிமிஷமும் இடுப்பும் போனது. நடைவழியில் வெந்நீர் டாங்க் வைத்த அலமாரி இருக்கிறது, வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் அவள் இட்லி மாவைக் கரைத்து வைப்பது அதற்குள்தான். எந்தத் தட்டில் எத்தனை மணி நேரம், மழையென்றால் எவ்வளவு கூட, எல்லாம் கைக்கணக்கு. ஆறு வருஷமாக இந்தக் குளிரில் இட்லி எப்படிப் பூப்போல வருகிறது என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சொல்லியிருப்பாளா? அவளும்தான் சொன்னதில்லை, சொல்லாமலே இருப்பதில் ஒரு வீம்பு, வீம்பு வளர வளர அது தனக்குத்தான் கனக்கிறது என்று தெரிந்தும் இறக்கிவைக்காத வீம்பு. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு வாளியை உள்ளே தள்ளினாள். மூடியோடு பிடித்து மெதுவாக, வட்டமாக, தளும்பாமல் ஆட்டினாள். அடியில் படிந்து கிடப்பது கலங்கி எழும்ப வேண்டும், ஆனால் காற்று உள்ளே போய்விடக் கூடாது, போனால் பியர் காய்ந்த அட்டை மாதிரி ருசிக்கும். ஈஸ்ட் செத்துப்போகவில்லை. குளிர்ந்ததும் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் தித்திப்பு இருக்க, தின்னாமல் உட்கார்ந்துவிடும். ஏன் உட்காருகிறது என்பதைத்தான் அவள் மூன்றரை வருஷம் படித்தாள்.

மூன்றரை வருஷம். திருச்செந்தூர் சாலையில் பஸ் பிடித்துப் போய் பனைவிளையில் நின்று, சுண்ணாம்பு தடவாத கலயத்திலிருந்து புளித்த கள்ளாக எடுத்துக்கொடுக்கச் சொன்னால், ஏறுகிறவர் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலே, "ஆராய்ச்சிங்கிய. போலீஸ்ல காட்டிக்குடுக்கவா, தாயி?" என்றார். பல்கலைக்கழக முத்திரை போட்ட கடிதத்தைக் காட்டினாள். அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "முத்திரை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஏறினார். அறுபத்துமூன்று கலயம், அறுபத்துமூன்று வகை ஈஸ்ட். அதில் பதினொன்று பாதியில் நின்றுவிடும். அதே சாறு, அதே சூடு, பக்கத்துக் குடுவையில் இருப்பது கடைசித் துளிவரை தின்று தீர்க்க, இந்தப் பதினொன்று மட்டும் நின்றுவிடும். பேராசிரியர் ஒரு நாள் அவள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வேலை, மங்கை. விட்டுடாத" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணம் ஆயிற்று, ஒரு வருஷம் சமாளித்தாள், நிறைமதி வயிற்றில் வந்தாள், அவனுக்கு முதலில் சிங்கப்பூர், பிறகு இங்கே. எழுதி முடிக்க ஆறு மாசம் போதும் என்று சொன்னபோது அம்மாதான் கத்தினாள், "பூஞ்சக் காளானா உனக்குக் கஞ்சி ஊத்தப்போவுது?" அவன் கத்தவில்லை. "அங்க போய்க்கூட எழுதலாமே" என்றான், அதில் பொய்யும் இல்லை. கால நீட்டிப்பு ஒரு முறை வாங்கினாள், இரண்டாம் முறை விண்ணப்பிக்க மறந்தாள், மறந்தாளா? பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரியில் பதிவு ரத்து என்று வந்தது. அப்புறம் ஒரு நாள், சிங்கப்பூரில், குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது, ஆய்வகத்தில் அவளுக்குப் பின்னால் சேர்ந்த பெனிட்டா கூப்பிட்டாள். "அக்கா, ஃப்ரீசர்ல உங்க பேர் போட்ட ஈஸ்ட் டப்பா ரெண்டு இருக்குக்கா. புது சார் இடம் வேணும்ங்கறார். என்ன செய்யட்டும்? வேணும்னா நான் என் பேர்ல மாத்தி வச்சுக்கறேன்க்கா." வேணும்னா நான் என் பேர்ல. அவள் பிசைந்த கையோடு, "தூக்கிப் போட்டிரு" என்றாள்.

தூக்கிப் போட்டிரு. அவன் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை. எத்தனையோ இரவு இந்த இடத்துக்கு வந்து முட்டியிருக்கிறாள், வேறு யாராவது சொன்னதாக மாற்றிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் பெனிட்டாவின் குரல் தெளிவாக, வேணும்னா நான் என் பேர்ல மாத்தி வச்சுக்கறேன்க்கா, அதற்கு அவள் குரல். ஒரு வினாடி யோசித்திருக்கலாம். சோறு கையில் ஒட்டியிருந்தது, குழந்தை அழுதது, ஆனால் காரணம் அதில்லை. பெனிட்டாவின் பேரில் அது இருப்பதைவிட இல்லாமலே போகட்டும் என்று ஒரு வெறி. அந்த வெறியைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாது. மற்றதையெல்லாம் சொன்னால் பாவம் என்பார்கள், இதைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தது. அவன் மீதம் வைத்திருந்த பார்லி மால்ட் பவுடரை அதில் கரைத்தாள். ரொட்டிக்கு வைத்திருந்த ஈஸ்ட்டில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கொதிக்கிற சாற்றிலேயே போட்டாள். அது சாக வேண்டும், செத்து வெடித்து உள்ளே இருப்பதெல்லாம் சாற்றில் இறங்க வேண்டும், பின்னால் வருகிற உயிருள்ளதற்கு அதுதான் சத்து. ஆறவைத்து, குளிர்பெட்டிக் கதவில் அவன் வைத்திருந்த நல்ல ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தாள். இது சரிதானா? பத்து வருஷம். சூடு சரிதானா, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்தால் குழந்தைக்குப் பால் பார்ப்பது மாதிரி இருந்தது, அதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள், ஈஸ்ட்டுக்கு அல்ல. போன வருஷம் இந்த ஊரில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பத்தைத் திறந்தாள். இந்தத் துறையில் கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள் என்று ஒரு கட்டம். வருஷத்தை அடித்தாள், அடித்த வருஷத்தைப் பார்த்தாள், கணினியை மூடினாள். பழைய ஜாம் சீசாவில் சாற்றை ஊற்றி, ஈஸ்ட் தூவி, வாயில் துணி கட்டி, வாளிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பதினொன்றரைக்குத் திறந்து பார்த்தபோது ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்கும் ஒன்றுமில்லை. பொட்டலம் பழசோ, சூடு அதிகமாகிக் கொன்றுவிட்டாளோ, தெரிந்ததெல்லாம் உண்மையிலேயே போய்விட்டதோ. இத்தனை வருஷமாக, எனக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கோபத்தை வளர்த்து வந்தாளே, தெரியாது என்றாகிவிட்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. துணி மடித்தாள், மடித்ததையே பிரித்து மடித்தாள். பன்னிரண்டரைக்குச் சீசாவின் கழுத்தில் மெல்லிய வெள்ளை வளையம் கட்டியிருந்தது. ஒன்றேகாலுக்கு நுரை துணியைத் தொட்டது. வாளியிலிருந்து ஒரு கரண்டி பியரைப் பிடித்துச் சீசாவில் ஊற்றிக் காத்திருந்தாள். வாளிக்குள் ஏற்கெனவே சாராயம் இருக்கிறது. புதிதாகப் போகிறதை ஒரேயடியாகக் கொட்டினால் திகைத்துச் சுருண்டுவிடும், கொஞ்சம் பழக்கிவிட வேண்டும். நுரை ஒரு கணம் தணிந்து, மறுபடி ஏறியது. இரண்டு மணிக்கு வாளி மூடியைத் திறந்து, விளிம்போடு ஒட்டி, சத்தம் வராமல் சீசாவில் இருந்ததை முழுசாக இறக்கினாள். அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதுவும் தோன்றாமல் இருந்ததுதான் சந்தோஷம் என்பது மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் தெரிந்தது, தெரிந்ததுமே கெட்டுப்போனது. யாருக்காக? எட்டுப் பேர் வந்து குடித்துவிட்டு அவன் முதுகில் தட்டுவார்கள்.

கைப்பேசி அடித்தது. "முடிச்சிட்டியா?" என்றான் திருநாவுக்கரசு. "இல்ல. அது முடியலைங்க, பாதியில நின்னிருக்கு. இருபத்தெட்டு காட்டுது. கராஜ் குளிர்ல ஈஸ்ட் கீழ உக்காந்துடுச்சு. வெந்நீர் அலமாரிக்குள்ள வச்சு, புதுசா ஈஸ்ட் எழுப்பி ஊத்தியிருக்கேன். இன்னும் ஒரு வாரம் பாட்டில்ல போடக் கூடாது, போட்டா வெடிக்கும்." அந்தப் பக்கம் காப்பி இயந்திரம் இரைகிற சத்தம் கேட்டது. "அப்போ சனிக்கிழமை?" "சனிக்கிழமைக்கு ஆகாது. கடையில வாங்கிக் குடுங்க." அவன் பெருமூச்சு விட்டான், பிறகு யோசிக்கிற குரலில் கேட்டான்: "யார்கிட்ட கேட்ட?" அவளுக்குக் கேள்வி புரியவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. "என்ன?" "இல்ல, இதெல்லாம் யாரு சொன்னா? க்ரேக்குக்கு போன் பண்ணியா?" வாய் திறந்தது. பதினொரு வருஷம் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தது போல இருந்தது, வாய் திறந்தது, "நெட்ல பாத்தேன்" என்றது. "அதான பாத்தேன்" என்றான் அவன், நிம்மதியாக. "நல்லவேளை பாத்த. வெடிச்சிருந்தா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிருக்கும். சரி, நான் அவங்ககிட்டப் பேசிக்கறேன்."

சீசாவைக் கழுவினாள். உள்ளே படிந்த வெண்மை போக வெந்நீர் விட்டுக் குலுக்கினாள், தூரிகை போட்டுத் தேய்த்தாள், சுத்தமான பிறகும் தேய்த்தாள். தூக்கிப் போட்டிரு, நெட்ல பாத்தேன். இரண்டையும் சொன்னது ஒரே வாய். யாரும் அடித்துப் பிடுங்கவில்லை, கேட்டார்கள், கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். நாலு தடவை மணியடித்த பிறகு எடுத்தான், குரலைத் தாழ்த்திப் பேசினான். "சொல்லும்மா." "நான் நெட்ல பாக்கல." "என்னது?" "ஈஸ்ட். நெட்ல பாக்கல. எனக்குத் தெரியும். நான் அதத்தான் படிச்சேன், மூணரை வருஷம். பாதியில நிக்கிற ஈஸ்ட்டப் பத்தி மட்டும்." மூச்சு வாங்கியது, படியேறி வந்தவள் போல. அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்து அவன் பேரைச் சொன்னார்கள், அவன் இதோ என்றான், பிறகு அவளிடம், "ஓ. சரி, தெரியும். அதுக்கு என்ன இப்போ?" என்றான். அவள் கழுவிய சீசாவைக் கவிழ்த்து வைத்தாள். "மங்கை? வச்சிடட்டுமா? உள்ள கூப்பிடறாங்க." "வைங்க" என்றாள்.

மணி இரண்டே முக்கால். மூன்றுக்கு மணியடித்துவிடும், வெளியே வந்து அம்மா இல்லையென்றால் நிறைமதி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடி, வண்டியைக் கிளப்பி, மேட்டுச் சாலையில் இறங்கினாள். அதுக்கு என்ன இப்போ. கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், கோபமாகக் கேட்டிருந்தால் அதைவிடச் சத்தமாக வந்திருக்கும், அப்படி எத்தனை பதில் அவளிடம் அடுக்கடுக்காக இருந்தன. அவன் கேட்டது அப்படி இல்லை. அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், மங்கை, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டிகளின் வரிசையில் தன்னுடையதை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, அவனுக்கு என்ன சொல்லலாம் என்று முதல் தடவையாக உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். மணியடித்து, பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள். அவளிடம் ஒன்றுமே இல்லை.